முதலில் தூக்கம், பிறகு ராஜினாமா

கோலார் பக்கம் ஊரிகத்தில் என் சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டு வாசலில் பந்தல் போட்டு, சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாயச வாளியோடு பந்தியில் நகர்ந்துகொண்டிருந்தேன். என் தாய்மாமா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, சர்க்கரையே இல்ல இதுல?"

நான் நிமிர்ந்து நின்று கணீரென்று சொன்னேன்: "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். உங்கள் புகாரைப் பதிவு செய்துவிட்டேன்."

பந்தியே சிரித்தது. மாமா விடவில்லை. "புகார் நம்பர் இன்னாம்மா?" என்றார். நானும் சிரித்தேன். வாளி குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்கே தெரியாது. கல்யாணப் பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் அழத் தொடங்கினாள், பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டு.

என் கணவரின் தங்கை ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறாள். வாளியை என் கையிலிருந்து வாங்கி யாரிடமோ கொடுத்துவிட்டு, என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"இன்னா அண்ணி? எத்தினி நாளா இப்படிக் கீது?"

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். பெங்களூரில் ஒரு வீட்டுச் சாமான் கம்பெனியில் எனக்கு வேலை; தினமும் ரயிலில் போய்வருவேன். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் வாங்கியவர்கள் திட்டுவதற்காகவே போன் செய்கிற இடம் அது. என் டீமில் இருக்கும் பிள்ளைகளால் சமாளிக்க முடியாதவர்களை என்னிடம் தள்ளிவிடுவார்கள். கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் திட்டு வாங்குகிற தகுதி எனக்கு இருந்தது. காலையில் ரயில் நான் இறங்கும் வைட்ஃபீல்டை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கும். ராத்திரி தூக்கம் கிடையாது. வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட யாரோ என்னைத் திட்டுகிறார்கள் என்று தோன்றும்.

"காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போற இல்ல? இதுக்கும் போவணும், அவ்ளோதான்," என்றாள். கிளம்பும்போது, "பாயசத்துல நெஜமாவே சர்க்கரை கம்மிதான் அண்ணி," என்று சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் என் கணவர் விஷயத்தைக் கேட்டு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உட்டுடு," என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆண்டர்சன்பேட்டை பஜாரில் மின்சாமான் கடை வைத்திருப்பவருக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு அப்படியா? எங்கள் குடும்பத்தில் டீம் லீடர் ஆன முதல் பெண் நான். அந்த நாற்காலிக்காக எத்தனை ஷிப்ட் மாறி மாறி உழைத்திருக்கிறேன்! என் டீமில் இருக்கும் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? அதைவிட, நான் தோற்றுப்போய் ஓடி வந்தவள் ஆகிவிட மாட்டேனா?

"அப்போ உடாத," என்றார் அவர். அதற்கும் கோபம் வந்தது.

நாத்தனார்தான் கோலாரில் ஒரு மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டு போனேன். உள்ளே போனால், எங்கள் தெருக்காரர் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் விட்டத்தைப் பார்த்தோம். பிறகு அவரே நகர்ந்து, "குந்தும்மா, ஃபேன் இங்கதான் வருது," என்றார்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "வேலைய விட்டாச்சுன்னு வெச்சுக்கோங்க. மறுநாள் காலைல என்ன செய்வீங்க?" என்றார்.

"தூங்குவேன்." யோசிக்காமல் வந்த பதில்.

அவர் சிரித்துவிட்டார். "அப்போ முதல்ல தூங்குங்க. இருக்கறதா, விடறதான்னு தூக்கம் இல்லாத தலையோட முடிவெடுக்க வேண்டாம்." லீவுக்குச் சான்றிதழும் ஒரு சிறிய மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போகச் சொன்னார்.

தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம். சில நாட்கள் சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தேன். பிறகு மெல்லப் பசி வந்தது, அதன் பின்னால் பேச்சு வந்தது, கடைசியாகச் சலிப்பு வந்தது. சலிப்பு தாங்காமல் ஒருநாள் கடைக்குப் போய் உட்கார்ந்தேன்.

கணவர் சரக்கு எடுக்க வெளியே போயிருந்த நேரம், ஒரு அம்மாள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லாமேல் டொக்கென்று வைத்தார். "இன்னா பொருள் விக்கிறீங்க நீங்க? மாவு அரைக்கச் சொல்லோ சுத்தவே மாட்டேங்குது! ஊரை ஏமாத்தறதே பொழப்பாப் போச்சு!"

என் நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தேன். படபடக்கவில்லை. ஜாரைக் கழற்றிப் பார்த்தேன். அடியில் பிளேடைச் சுழற்றும் ரப்பர் கப்ளர் தேய்ந்துபோயிருந்தது. புதிது ஒன்றை எடுத்து மாட்டி, ஓட விட்டுக் காட்டினேன்.

"அட, ஓடுது!" என்றார் அந்த அம்மாள். திட்டிய வாயாலேயே என் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்.

அன்று மதியம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். திட்டு என்னை நோகடிக்கவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாமல், மன்னிப்பை மட்டும் அள்ளி அள்ளிக் கொடுத்ததுதான் என்னைத் தின்றிருக்கிறது.

லீவு முடிந்து ரயில் ஏறியபோது, பெண்கள் பெட்டியில் தினமும் கூட வரும் கூட்டாளிகளிடம், வேலையை விடலாம் என்று இருப்பதைச் சொன்னேன். பங்காரப்பேட்டை வருவதற்குள் இரண்டு கட்சி ஆகிவிட்டார்கள்.

"பேடா அக்கா, வேணாம், இப்ப விட்டா திரும்ப கிடைக்காது!"

"நீ சும்மா இரு. அவங்க மூஞ்சியப் பாரு, எவ்ளோ தெளிவாக் கீது!"

இரண்டு கட்சியும் ஒன்றுசேர்ந்த ஒரே விஷயம், இனிமேல் என் ஜன்னல் சீட்டு யாருக்கு என்பதுதான். அதிலும் சண்டை தீரவில்லை.

மேனேஜர் நல்ல மனிதர். பதவி உயர்வு பற்றிக்கூடப் பேசினார். என் மனம் ஒரு கணம் ஆடியது உண்மை. "சார், கெட்டுப்போன மெஷினை மாத்திக் கொடுக்கற அதிகாரம் எங்க டீமுக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அது என் கையிலயே இல்லம்மா," என்றார். ராஜினாமாவை அன்றே கொடுத்தேன். டீம் பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். நானும் அழவில்லை, அவர்களும் அழவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில காலைகளில் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அன்று கடைக்குத் தாமதமாகத்தான் போவேன். கடையில் பழுது பார்க்கும் மேசை இப்போது என் பொறுப்பு. "இதை ரிப்பேர் பண்ணாதீங்க, வேஸ்ட்," என்று நான் உண்மையைச் சொல்லி அனுப்புவது கணவருக்குப் பிடிக்காது. நாள் முழுக்க ஒரே கூரையின் கீழ் இருப்பதால் சண்டைக்கும் பஞ்சமில்லை.

போன வாரம் ஃபேன்களை எந்தப் பக்கம் தொங்கவிடுவது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது ஒருவர் உள்ளே வந்தார். "இங்க மொதலாளி யாருங்க?" என்று கேட்டார்.

என் கணவர் ஏணியில் நின்றபடியே, கையில் இருந்த ஸ்குரூ டிரைவரால் என்னைக் காட்டினார்.