ரஷ்ய ராணியைத் திட்டிய வாரம்

எனக்கு வாய் நீளம். பேச ஆள் கிடைக்காதபோது கை நீளும். தையல் மிஷின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரமெல்லாம் எதையாவது பார்ப்பேன். பார்த்து முடித்ததும் கீழே கருத்து எழுதாமல் விடமாட்டேன். சமையல் வீடியோ என்றால் உப்பு கூடுதல் என்று எழுதுவேன். சீரியல் என்றால் மாமியாருக்குப் புத்தி சொல்வேன். "ஒனக்கு யாரு நாட்டாமை பட்டம் குடுத்தது?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறவர். காலையில் போனால் சாயங்காலம்தான் வீடு. அதுவரை எனக்குத் துணை ஒன்றரை வயது மகனும் அந்தப் போனும்தான்.

ரஷ்ய ராஜ குடும்பத்தைப் பற்றிய ஆவணப்படம் அப்படித்தான் கண்ணில் பட்டது. டிவியில் தமிழ்க் குரல் கொடுத்து நான்கு பகுதியாக வந்தது. டிவிக்காரர்களே யூட்யூபிலும் போட்டிருந்தார்கள். ராஜா, ராணி, நாலு பெண் பிள்ளைகள், கடைசியாக ஒரு பையன். பையனுக்கு அடிபட்டால் ரத்தம் நிற்காத நோய். அவன் விழுந்துவிடாமல் தூக்கிக்கொண்டு திரிய ஒரு கப்பல் சிப்பாயை வைத்திருந்தார்கள். பையன் நோவில் படுத்துவிட்டால் ராணி ஒரு தாடிச் சாமியாரைக் கூப்பிடுவாள். கடைசிப் பகுதியில் அரசும் போய், குடும்பத்தையே ஒரு கீழறையில் வைத்துச் சுட்டுவிடுகிறார்கள். மத்தியானச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள், சோறு காய்ந்துபோகிற வரைக்கும் அதைப் பார்த்தேன்.

கீழே ஊர்ப்பட்ட கருத்து. "ராஜா நல்ல மனுசன், பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கெட்டாரு" என்று ஒருவர். "பச்சப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு" என்று ஒரு பெண். ஒருவருக்குப் பின்னணி இசை இரைச்சலாம். இன்னொருவர் நம்ம ராஜாக்களைப் பற்றி எப்போது போடுவீர்கள் என்று கேட்டிருந்தார். அதற்கடியில் சோழனா பாண்டியனா என்று ஒரு சண்டையே நடந்து முடிந்திருந்தது. பாதிப் பேர் ராணியைத்தான் வைதார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். "பெத்தவளுக்குப் புத்தி வேண்டாமா? புள்ளைக்கு நோவுன்னா வைத்தியனப் பாக்கணும். சாமியாரப் பாத்தா வீடும் போகும், நாடும் போகும்" என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் நிறையப் பேர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை ஒளிப்பானேன்.

மறுநாள் முகம் தெரியாத ஒரு பெண் எனக்குப் பதில் எழுதியிருந்தாள். "அக்கா, அந்தம்மா எல்லா டாக்டரையும் பாத்துட்டுத்தான் சாமியார்கிட்டப் போனாங்க. அன்னைக்கு இதுக்கு மருந்தே கிடையாது. என் பையனுக்கும் இதே நோய்தான். காது குத்துன அன்னைக்குத்தான் எங்களுக்கே தெரிஞ்சது. இது அம்மா வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வரும். அம்மா நல்லாத்தான் இருப்பா. உங்க பிறந்த வீட்டுல யாராவது சின்ன வயசுல ரத்தம் நிக்காமப் போயிருந்தா, உங்க வீட்டு ஆம்பளப் பிள்ளைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

முதல் வரியைப் படிக்கும்போதே வாய்க்கு வாய் என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நான். கடைசி வரிக்கு வந்தபோது அதெல்லாம் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

என் மகனுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். இன்னும் ஒன்பது நாள். கடமலைக்குண்டு தாண்டி வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தி, கிடா வெட்டி விருந்து. பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள் என்பதால் என் தம்பி தங்கத்தில் தோடு வாங்கி வைத்துவிட்டான்.

எனக்கு இன்னொரு தம்பி இருந்தான். இவனுக்கு மூத்தவன், எனக்கு அடுத்தவன். அவன் காது குத்தித்தான் செத்தான்.

அப்போது எனக்கு ஏழு வயது, அவனுக்கு மூன்று. பெரியகுளத்தில் இருந்தோம். அப்பாவின் குலசாமி கோயில் வெகுதூரம். சின்னத் தம்பி கைக்குழந்தை, அவனோடு அவ்வளவு தூரம் போக முடியாது என்று அம்மா சொன்னதால் தெருமுனைக் கோயிலிலேயே குத்தினார்கள். ஊசி நுழைகிற ஓட்டை, அவ்வளவுதான். காப்பித்தூள் வைத்தார்கள், மஞ்சள் வைத்தார்கள். நிற்பதுபோல் நிற்கும், விடிந்து பார்த்தால் தலையணை சிவந்து கிடக்கும். நாலாம் நாள் வாடகைக் காரில் தேனிக்குக் கொண்டுபோகும் வழியில், தேவதானப்பட்டியில் இருந்து வந்திருந்த அத்தை ஒருத்தி, "குலசாமிய விட்டுப்புட்டு எங்கனயோ குத்துனா அது பொறுக்குமா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா மடியிலேயே அவன் உயிர் போனது. பிறகு சின்னத் தம்பிக்கு முறையாகக் குலசாமி கோயிலில் குத்தினார்கள். ஒரு சொட்டோடு நின்றுவிட்டது. சாமி கோபம்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி யாருக்கு வேண்டும்?

போனைக் கவிழ்த்துவிட்டு மகனின் சட்டையைக் கழற்றினேன். இரண்டு கக்கத்துக்குக் கீழேயும் நீலம் பாரித்த தடம். நான் தூக்குகிற இடம். செக்கச்செவேலென்று இருக்கிற பிள்ளை, தொட்டால் தெரிகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். முழங்காலில் ஒன்று, முதுகில் ஒன்று. அந்தப் பெண் சொன்னதெல்லாம் புருடா என்று எவராவது எழுதியிருக்கமாட்டார்களா என்று மறுபடியும் கருத்துகளுக்குள் போய்த் தேடினேன். "சீக்குப் புள்ளயப் பெத்தவளுக்கு ராஜ்ஜியம் ஒரு கேடா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கும் என்னுடையதைப்போலவே நிறைய லைக்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். முழுதாகக் கேட்டார்.

"ரஷ்யாவுல எவனுக்கோ ரத்தம் நிக்கலைன்னு கடமலைக்குண்டுல காதுகுத்த நிப்பாட்டச் சொல்றியா? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்டி."

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள்தான். ஆனால் என் தம்பி செத்தது சாமி கோபத்தால் இல்லை என்று சொல்ல நான் யார்? அதைச் சொன்னால் நோய் என் வழியாக வந்தது என்றும் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு நாளும் தையலைத் தொடவில்லை. கத்தரிக்கோல், ஊசி, பாபின் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றினேன். தரை முழுக்கப் போர்வை விரித்தேன். அவன் ஓடினால் பின்னாலேயே ஓடினேன். தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் விசேஷ வேலைக்கு ஒத்தாசையாகப் பெரியகுளத்திலிருந்து அம்மா வந்தாள். "ஏத்தா, என்ன வீட்டப் படுக்கையாக்கி வச்சிருக்க?" என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பாட்டியைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடின பிள்ளை நிலைப்படியில் முகம் குப்புற விழுந்தான். மேலுதடு உள்பக்கம் கிழிந்தது. அப்போது மணி பத்து இருக்கும்.

துணியை வைத்து அழுத்தினேன். ஐஸ் வைத்தேன். பதினொன்றுக்கும் கசிந்தது, பன்னிரண்டுக்கும் கசிந்தது. அழுது ஓய்ந்து தூங்கிப்போனவன் வாயோரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து காப்பித்தூள் டப்பாவை எடுத்து வந்தாள். மூடியைத் திறந்தவள், தூளைத் தொடாமல் அவன் வாயோரத்தையே பார்த்தாள்.

"அவனுக்கும் இப்புடித்தேன்" என்றாள்.

இருபத்தைந்து வருடத்தில் அவள் அவனைப் பற்றி வாய் திறந்து அன்றுதான் கேட்டேன். அடுத்து அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது.

"சாமி அவசரப்படுதுடி. இத்தன நாளு பொறுக்காது போல. நாளைக்கே அங்கன கொண்டுபோயி காதக் குத்திப்புடுவோம். மாப்பிள்ளைக்குப் போனப் போடு. நான் பண்ணுன தப்ப நீயும் பண்ணிறாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

யானை மறித்த பாதையில் வீட்டுக்காரர் ஜீப்போடு மாட்டிக்கொண்ட நாளில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. யானை என்றால் எதிரில் நிற்கிறது என்று தெரியும். இது என்னைப் பெற்றவள், என் பிள்ளைமேல் உயிராக இருக்கிறவள், அந்த உயிரைக் காப்பாற்றத்தான் ஊசியைத் தூக்கச் சொல்கிறாள். அம்மா முட்டாள் இல்லை. அவளுக்குக் கிடைத்த காரணம் அது ஒன்றுதான். வாதாடினால் தோற்றுப்போவேன் என்று தெரிந்தது. பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தேனி பஸ்ஸுக்கு நடந்தேன். "எங்கடி போற?" என்று கேட்டபடி அம்மா பின்னாலேயே வந்து ஏறினாள். வீட்டுக்காரர் போன் மலைமேல் எடுக்கவில்லை. பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்க நிற்க, ஓட்டுநரை அடித்துவிடலாம்போல் இருந்தது. துண்டின் சிவப்பு என் தோளுக்கு ஈரமாக இறங்கியது.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது லேடி டாக்டர் ஒருவர், உதட்டைப் பார்த்துவிட்டுக் கக்கத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "உங்ககூடப் பிறந்த பசங்க யாருக்காவது இப்படி இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நான் சொன்னேன். ரத்தம் எடுத்தார்கள், பிள்ளையைப் படுக்கையில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். இருட்டுவதற்குள் கசிவு நின்றது. வீட்டுக்காரர் மலையிலிருந்து நேரே ஜீப்போடு வந்து, கட்டில் பக்கத்தில் குனிந்து பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். பிறகு வெளியே போய் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "காதுகுத்து இல்லப்பா. சிரிக்கிறவுக சிரிச்சுட்டுப் போகட்டும்" என்று அவரே சொன்னார்.

டெஸ்ட் முடிவு வந்த அன்று வீட்டுக்காரர் மருந்துச் சீட்டோடு வரிசையில் நின்றார். டாக்டர் முன்னால் நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். பிள்ளை அம்மா மடியில். அந்த நோய்தான் என்றார் டாக்டர். ஒரு காகிதத்தில் பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம் என்று வரைந்து, கோடு இழுத்துக் காட்டினார். இன்றைக்கு இதற்கு ஊசி இருக்கிறது, இங்கேயே கிடைக்கும், கத்தியோ ஊசியோ எதுவானாலும் எங்களைக் கேட்காமல் படக்கூடாது என்றார். என் தம்பியும் இதனால்தான் போயிருப்பான் என்றார்.

"அப்ப சாமி கோவிச்சுக்கலையா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. எந்தக் கோயில்ல குத்தியிருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்."

இருபத்தைந்து வருடப் பாரம் இறங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். அம்மா காகிதத்தை இழுத்து, எல்லாவற்றுக்கும் மேலே இருந்த வட்டத்தில் விரல் வைத்தாள்.

"இது யாரு தாயி, நானா?"

"ஆமாம்மா."

"அப்ப எங்கிட்ட இருந்துதேன் போயிருக்கு. அவனுக்கும், இவனுக்கும்."

இதில் யார் தப்பும் இல்லை, உங்களுக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை என்று டாக்டர் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பிள்ளையை மெல்லத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கையையும் சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் அவனைத் திருப்பி அவள் மடியிலேயே உட்கார வைத்தேன்.

"நீயே வச்சுக்கம்மா" என்றேன். "எனக்குக் கை நடுங்குது."