மூடிய பெட்டியும் கையசைத்த கிழவரும்

ஐம்பது தாண்டிய வயதில், வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு மலைச்சரிவில் இருந்த ஒரு முதியோர் மறுவாழ்வு நிலையத்தின் வேலிச்செடிக்குப் பின்னால் குந்தியிருந்து, போர்வை போர்த்திய ஒரு கிழவரைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தவன் நான். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்ததுதான் வினை.

ஊரில் ஒருகாலத்தில் மேடையேறினால் ஒலிவாங்கியே வேண்டாம் என்று பேர் வாங்கிய ஓர் அரசியல்வாதி இருந்தார். பெயர் வேண்டாம், அவரை இனியும் தொந்தரவு செய்ய எனக்கு உரிமையில்லை. நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில், வெளிநாடு போன இடத்தில் அவருடைய வாகனம் பள்ளத்தில் உருண்டு தீப்பிடித்தது. பெட்டி மூடியபடி வந்து மூடியபடியே எரிந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் சனத்துக்கு முகம் பார்க்காத சாவு அரைச் சாவு. செத்தவீட்டுக்குப் போய்வந்தவரிடம் முதலில் கேட்பதே "முகம் பாத்தனீங்களோ?" என்றுதான். அப்படிப் பார்க்காமல் விட்ட இடத்தில் ஒரு வெற்றிடம் கிடக்கும். அதற்குள் நான் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டேன்.

நான் வாசிக்கிறவன்; அவ்வப்போது எழுதுகிறவனும். சுவிஸில், பெர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் புத்தக அலுமாரிகளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். வாசிக்காதவன் ஒரு புழுகை நம்பினால் அது அவனோடு போகும். வாசிக்கிறவன் நம்பினால் அதற்கு அடிக்குறிப்புப் போடுவான். இத்தனைக்கும் எனக்குச் சோறு போடுவது ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்கும் வேலை. பளபளவென்று இருக்கும் கத்தரிக்கோலைக்கூட அங்கே நான் நம்புவதில்லை; இன்னொரு தரம் கழுவுவேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், தொலைபேசியில் எவர் எதை அனுப்பினாலும் கழுவாமல் விழுங்கினேன்.

அனுப்பியவை பெரிதாக ஒன்றுமில்லை. அவரைக் கடைசியாக எடுத்த படத்தில், எப்போதும் இடக்கையில் கட்டும் கைக்கடிகாரம் வலக்கையில் இருந்தது; ஆகவே செத்தது வேறு ஆள் என்று ஒரு கணக்கு. படத்தை யாரோ இடம் வலம் மாற்றிப் பதித்திருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அவரை ஒரு வல்லரசு உயிரோடு தூக்கிவந்து இங்கே தூன் ஏரிக்கு மேலே ஒரு முதியோர் நிலையத்தில் வைத்துப் பராமரிக்கிறது என்றார்கள். ஏன் பராமரிக்கவேண்டும்? அவருக்கு ஏதோ தெரியும். என்ன தெரியும்? அதைத்தான் மறைக்கிறார்களே! இந்த வட்டத்துக்குள் ஏறினால் இறங்கத் தரிப்பிடம் கிடையாது.

அதனால்தான் போனேன். மனைவியும் வந்தார், ஏரியைப் பார்க்கலாம் என்று. நிலையத்தின் வாகனத் தரிப்பிடம் இலவசம். சுவிஸில் இலவசத் தரிப்பிடத்தைக் கண்டால் எவனுக்கும் சந்தேகம் வரவேண்டும். எனக்கும் வந்தது, தேவையில்லாத பக்கத்தால். பூங்காவில் கிழவர் தனியே இருந்தார். காதுவரை தொப்பி, கழுத்தில் சால்வை, மேலே போர்வை. தலையை இடப்பக்கம் சாய்த்திருந்தார்; எங்கள் அரசியல்வாதியும் மேடையில் அப்படித்தான் சாய்ப்பார். நான் படம் எடுக்க, அவர் திரும்பி, வலக்கையை நிதானமாக உயர்த்தி அசைத்தார். முன்பின் தெரியாதவனுக்கு அப்படிக் கையசைப்பவர் அரசியல்வாதியைத் தவிர வேறு யார்? எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலிச்செடிக்குள் இருந்தபடியே நானும் கையசைத்தேன்.

வாகனத்தில் புட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்த மனைவி கண்ணாடியை இறக்கினார். "இஞ்சருங்கோ, அந்த மனுசன் கதிரையிலை ஒழுங்கா இருக்குது. நீங்கள் பத்தைக்குள்ளை இருக்கிறியள். இப்ப ஒரு தாதி வந்தால் ரெண்டு பேரிலை ஆரைப் பிடிச்சு உள்ளுக்கை விடுவா?"

கிண்டலை நான் பொருட்படுத்தவில்லை. வாட்ஸ்அப்பில் எங்கள் ஆட்களுக்கு ஒரு குழு உண்டு. அதில் சனிக்கிழமைகளில் நான் ஒரு குரல்பதிவு போடுவேன், வழக்கமாகப் பம்பலுக்கு, ஆட்களைச் சிரிக்கவைக்க. அந்தச் சனிக்கிழமை பம்பல் இல்லை. கிழவரின் படத்தைப் போட்டுவிட்டு, தொண்டையைக் கொஞ்சம் உடைத்துச் சொன்னேன்: "முகம் காணாத சாவு சாவில்லை. பெட்டியைத் திறந்து காட்டாதவன் சொல்வதை நாங்கள் ஏன் நம்பவேண்டும்?" இரண்டு வசனங்களுக்கும் நடுவில் ஒரு மௌனம் வைத்தேன். அந்த மௌனம் சரியாக விழும்வரைக்கும் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தேன். கடைசியில், நாளைக்கு நானே இதை மறுத்தால் என்னை யாரோ மிரட்டி வெருட்டிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று முடித்தேன். எழுத்தாளனுக்கு நல்ல முடிவு முக்கியம்.

என் வாழ்நாளில் எழுதிய எதற்கும் கிடைக்காத வாசகர்கள் ஒரு பின்னேரத்தில் கிடைத்தார்கள். சூரிச்சில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் என் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார். ஜெனீவாவில் இருந்து ஒருவர், அவரை விடுவிக்கச் சொல்லி ஒரு கூட்டம் கூட்டலாமா என்று கேட்டார். ஆட்கள் சேருவார்களா என்று யோசித்தேன். ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று யோசிக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் முதலாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பகுதியில் வேலை. யுத்தத்தின் கடைசி நாட்களில் அவருடைய புருசன் சனத்தோடு சனமாக நடந்துவந்து, பிறகு காணாமற்போனவர். செத்ததைக் கண்டவர் இல்லை. உயிரோடு கண்டவரும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் வயது மகளோடு இங்கே வந்து சேர்ந்த அக்கா, கல்யாண வீடுகளில் மண்டபத்துக்குள் நிற்கமாட்டார். நேரே சமையல் பக்கம் போய்விடுவார். ஆராத்தி எடுக்கிற சுமங்கலிகளோடு நிற்பதா, ஒதுங்கி நிற்கிறவர்களோடு நிற்பதா என்ற கேள்வியை வெங்காயம் வெட்டித் தவிர்த்தார். அத்தனை வருடமும்.

இந்த வருடம் அதைத் தவிர்க்க முடியாமற் போனது. மகளுக்கு ஆவணியில் கல்யாணம். அழைப்பிதழில் தகப்பன் பெயருக்கு முன்னால் 'திரு' போடுவதா, 'அமரர்' போடுவதா என்று அச்சடிக்கிறவர் கேட்டிருக்கிறார். அக்கா பல நாள் கடத்திவிட்டு, ஆடி அமாவாசைக்குப் புருசனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார். உடல் இல்லாதவர்களுக்குத் தர்ப்பையில் ஓர் உருச் செய்து கிரியை செய்யலாம் என்று ஐயரும் நாள் கொடுத்துவிட்டார்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது, அக்காவின் மகள் வந்து எங்கள் கதவைத் தட்டியபோதுதான். காலில் இருந்த சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, அம்மாக்கு என்னத்தை அனுப்பினீங்கள்?"

"எல்லாருக்கும் அனுப்பினதுதான், பிள்ளை."

"ஐயரிட்டை எடுத்த டெர்மினை, அந்த நாளை, அம்மா வேண்டாமெண்டு சொல்லிட்டா. கார்டிலை 'திரு' எண்டு போடட்டாம். அந்த ஆள் இவ்வளவு வருசத்துக்குப் பிறகு இருக்கேலுமெண்டால் அப்பா ஏன் இருக்கேலாது எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?" அதுவரை கோபமாக நின்றவள் குரல் இறங்கிக் கேட்டாள்: "நீங்கள் அதை உண்மையா நம்புறீங்களோ, மாமா? இல்லாட்டி சும்மா லைக் எடுக்கவோ?"

கேள்வி சுலபம். நான் புத்தக அலுமாரியின் பக்கம் திரும்பினேன். உள்ளே இருந்து மனைவி, "சொல்லுங்கோவன், பிள்ளை கேக்குதெல்லோ," என்றார்.

நான் கீழே இறங்கிப் போனேன். அக்கா தேத்தண்ணி வைத்தார். பொட்டு, வழக்கம்போலப் பெரிதாக, நடு நெற்றியில்.

"அக்கா, அந்தக் குரல்பதிவு... அது ஒரு ஊகம்தான்."

"ஊகமோ? பெட்டி மூடினது பொய்யோ?"

"இல்லை, அது உண்மை."

"ஆரும் முகம் பாத்தவையோ?"

"பாக்கேல்லைத்தான்."

"பிறகென்ன, தம்பி? நீங்கள்தானே சொன்னனீங்கள், முகம் காணாத சாவு சாவில்லை எண்டு. எவ்வளவு வடிவாச் சொன்னியள்!"

அந்தப் பாராட்டைப்போல ஓர் அடி நான் வாங்கியதில்லை. "அக்கா, நான் ஒரு விசரன். வாயிலை வந்ததைச் சொன்னது," என்றேன்.

அக்கா எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உள்ளதைச் சொல்லுங்கோ. உங்களை ஆரும் வெருட்டினவையோ?"

என் நல்ல முடிவு என் கழுத்தைப் பிடித்தது. இல்லை என்று சொல்லச் சொல்ல அது ஆம் என்றே கேட்கும்படி நானே அல்லவா பூட்டிவைத்திருந்தேன்! அவர் ஆறுதலாகத் தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார்.

"சரி. எனக்கு அந்த மனுசன்ர முகத்தைக் கிட்டக் காட்டுங்கோ. அவர் இல்லையெண்டால் நான் ஐயருக்கு ரெலிபோன் அடிக்கிறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனேன். இம்முறை வேலிக்குப் போகவில்லை. பூங்காவின் ஓரத்தில் வருகிறவர்கள் கோப்பி குடிக்க மேசைகள் போட்டிருக்கிறார்கள்; எவரும் வந்து உட்காரலாம் என்று போன தடவையும் அங்கே பலகையில் எழுதித்தான் இருந்திருக்கிறது. அதே தொப்பியோடு கிழவர் இருந்தார். எங்களைக் கண்டதும் கையை உயர்த்தினார். பிறகு தட்டு எடுத்துக்கொண்டு போன பரிசாரகப் பெண்ணுக்கும் உயர்த்தினார். தோட்டத்துப் புல்வெட்டி போனது, அதற்கும் உயர்த்தினார்.

"அவர் எல்லாருக்கும் கை காட்டுவார்," என்றார் பக்கத்தில் நின்ற தாதி சிரித்துக்கொண்டு. "மலைப்பாதையில் மஞ்சள் பஸ் ஓட்டியவர். எதிரே வருகிற பஸ்காரருக்குக் கை காட்டிக் காட்டிப் பழக்கம்."

கிழவர் என்னை உற்றுப் பார்த்தார். இன்றைக்கு எந்தப் பாதை என்று பெர்ன் ஜெர்மனில் கேட்டார். போன தடவை நானும் கையசைத்தேன் அல்லவா, அதனால் என்னையும் ஒரு சாரதியாக எடுத்திருக்கவேண்டும். அக்கா அவருக்கு முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்து, "ஓஸ்டர்முண்டிகன்," என்றார். பனி இருக்கிறதா என்று கேட்டார் கிழவர். இல்லை, பாதை நல்லது என்றார் அக்கா. கிழவருக்குத் திருப்தி.

அக்கா அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல அவசரமில்லாமல். நானும் பார்த்தேன், முதல் தடவையாக. கண் இரண்டும் நீலம். போன மாதத்து நான் என்றால் அதற்கும் ஒரு லென்ஸ் மாட்டி விளக்கம் சொல்லியிருப்பேன்.

திரும்பி வரும்போது ஏரி பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அக்கா வெளியே பார்த்தபடி சொன்னார்: "அந்த மனுசன்ர பிள்ளையள் நீங்கள் போட்ட படத்தைக் கண்டால் என்ன நினைப்பினம், தம்பி?"

நான் பாதையைப் பார்த்து ஓட்டினேன்.

கொஞ்சத் தூரம் போனபின், "இவருக்குக் குளிர் ஆகாது," என்றார். கிழவரைச் சொல்லவில்லை, புருசனைச் சொல்கிறார் என்பது எனக்கு விளங்கியது. வீட்டு வாசலில் வாகனத்தால் இறங்கியதும் ஐயருக்குத் தொலைபேசி அடித்தார்.

அன்றைக்கே படத்தை அழித்துவிட்டு இன்னொரு குரல்பதிவு போட்டேன். மௌனம் எதுவும் வைக்காமல், நான் சொன்னது தவறு, அந்த மனிதர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். ஆனால் நான் அழித்த படம் அதற்குள் எத்தனையோ தொலைபேசிகளில் குடியேறிவிட்டது. இன்றும் யாரோ ஒருவர் எனக்கே அனுப்பிவைக்கிறார். ஜெனீவாக்காரர் தனியாக எழுதினார்: "விளங்குது அண்ணை. ஒண்டும் கதைக்காதேங்கோ. கவனமா இருங்கோ."

ஆடி அமாவாசை அன்று ஆரே ஆற்றங்கரையில் தர்ப்பை உருவை எரித்துச் சாம்பலை நீரில் விட்டார்கள். பெண்பிள்ளைக்கு வழக்கமில்லை என்று யாரோ முணுமுணுக்க, ஐயர் காதில் விழாததுபோல மகளிடமே தீயைக் கொடுத்தார். நான் பின்னால் நின்றேன். அக்காவின் நெற்றியைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒரு சின்னச் சந்தனப் பொட்டு இருந்தது. பார்த்ததற்காக இன்னும் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பிறகு கோயில் மண்டபத்தில் சாப்பாடு. கடைசிப் பந்தியில், ஒரு மூலையில், யாரும் காணாமல் இருக்கலாம் என்று உட்கார்ந்தேன். பருப்பு வாளியோடு அக்காவே வந்தார். நான் இலைக்கு முன்னால் கைகூப்பி, நாட்கணக்காக மனதுக்குள் எழுதித் திருத்திவைத்திருந்ததைத் தொடங்கினேன்: உங்கள் நம்பிக்கையோடு விளையாடிவிட்டேன், என் வார்த்தைகளால் உங்களுக்கு எவ்வளவு பெரிய...

அக்கா கரண்டியைத் தூக்கி நிறுத்தினார்.

"தம்பி, சும்மா உங்களைப் போட்டு வருத்தாதேங்கோ. உங்கட கதையை இஞ்சை ஆர் நம்பினது? எனக்கு அந்தியேட்டி நாளைத் தள்ளிப்போட ஒரு சாட்டு வேணுமாயிருந்தது, நீங்கள் அகப்பட்டியள். கையை எடுங்கோ, பருப்பு விடட்டும்."