தாய்மாமன் மகளைக் கட்டக்கூடாத ராஜ்ஜியம்

மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டாவது முறையும் மதிப்பெண் போதவில்லை என்று தெரிந்த அன்று என் மகன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பாதிப் பயம் குறைந்திருக்கும். "சரிம்மா" என்றான். போட்ட சோற்றைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தான். அதன் பிறகு ஆனையூரில் எங்கள் வீட்டில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து மவுஸ் தட்டும் சத்தம் மட்டும்தான் வந்தது.

அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்று நான் தெரிந்துகொண்டேன். சொல்லவே நாக்கு கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. தேர்வு முடிவு வந்த பிறகு பேப்பரில் என்னென்ன செய்தி வரும் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? பேப்பர் போடுகிறவரிடம் இனி வேண்டாம் என்றேன். துருப்பிடித்துவிட்டது என்று பொய் சொல்லி அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சாக்பீஸை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் அவனுக்கு போன் போடுவேன். எடுத்து "ம்" என்பான். அது போதும், மீதிக் கணக்கைப் போட்டு முடித்துவிடுவேன்.

என் வீட்டுக்காரருக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "அந்தச் சனியனைத் தூக்கி வெளிய எறி. எந்நேரமும் என்ன கேம் வேண்டிக் கெடக்கு?" என்று குதித்தார். நான் விடவில்லை. அதுவும் இல்லாமல் போனால் அந்த அறை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குத் துணிவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவுக்குப் பின்னால் சத்தம் நின்றது. கரண்ட் போனதால்தான் நின்றது என்று புத்திக்குத் தெரிகிறது, கால் கேட்டால்தானே? ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன். இருண்ட திரைக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். கரண்ட் திரும்ப வரும்வரை அவன் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

கணினியை மறுபடி போட்டான். திரை முழுக்க ஒரு வரைபடம் விரிந்தது. நாட்டுக்கு ஒரு நிறம், மூலையில் தலைப்பாகை வைத்த முகங்கள்.

"இது என்னடா?"

"பழைய காலத்து ராஜாவா இருந்து நாட்டை ஆளணும். உனக்குச் சொன்னாப் புரியாதும்மா."

தேர்வு முடிவுக்குப் பிறகு அவன் என்னிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். புரிந்துகொண்டே தீருவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய என் லேப்டாப்பில் அந்த விளையாட்டை இறக்கினேன். அது தோசைக்கல் மாதிரி சூடானது. திறந்தால் திரையெங்கும் பொத்தான்கள், பொத்தானுக்குள் பொத்தான்கள். மதுரைப் பக்கத்தில் ஒரு குட்டி ராஜாவை எடுத்துக்கொண்டு வரி போட்டேன், மந்திரிகளை மாற்றினேன், ஒன்றுமே நடக்கவில்லை. காலம் ஓடவேண்டுமானால் அதற்கும் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரிவதற்குள் அரை நாள் போய்விட்டது. அமுக்கியதும் வருடங்கள் தறிகெட்டு ஓடின. பக்கத்து நாட்டுக்காரன் படையோடு வந்தான். என் சித்தப்பனே எனக்கு எதிராகக் கிளம்பினான். சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் விளையாட்டு நம்மூரை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

எனக்குப் பயம் காட்டியது போர் அல்ல. ஒவ்வொரு ஆளின் முகத்துக்குப் பக்கத்திலும் அவன் மனப்பாரத்தைக் காட்டும் அளவு ஒன்று இருந்தது. அது ஏறி ஏறி ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஆள் உடைந்துபோவான். போரில் தோற்றதிலிருந்து என் ராஜாவுக்கு அது ஏறிக்கொண்டே இருந்தது. விருந்து வைக்கலாம், வேட்டைக்கு அனுப்பலாம், நண்பனிடம் பேசச் சொல்லலாம். ஆனால் எதைச் செய்தாலும் வேறு எங்கோ இடித்தது. நான் காலத்தை நிறுத்தி வைத்துவிட்டு அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படி ஒரு அளவு என் பிள்ளை முகத்துக்குப் பக்கத்திலும் தெரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். உடனே, தெரிந்தால் அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது என்றும் தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் உசிலம்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஹாலில் உட்கார்ந்து ராஜாவின் மூத்த மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணியின் அண்ணன் பக்கத்து நாட்டில் பெரிய கை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். சம்பந்தம் பண்ணினால் படையும் வரும், உறவும் விட்டுப்போகாது. இதைவிட லட்சணமான யோசனை உண்டா? ஆனால் பொத்தான் அமுங்கவே இல்லை. நெருங்கிய ரத்த உறவு, இந்தத் திருமணத்துக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் காட்டியது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. நானே ஒரு தாய்மாமன் மகள். என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன்.

"தாய்மாமன் மகளைக் கட்டாம வேற எவளைடா கட்டுறது? முறைப்பொண்ணு குத்துக்கல்லாட்டம் இருக்கையில என்னடா தடை?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினேன்.

உள்ளே மவுஸ் சத்தம் நின்றது. நான் எழுவதற்குள் கதவு திறந்தது.

"யாரை ஏசுற?" என்றபடி வந்தவன் என் திரையைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். சத்தம் போட்டு, குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இந்தக் கேம்படி பாத்தா உன்னையும் அப்பாவையும் நாடு கடத்திருவாய்ங்கம்மா." அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தான். எனக்குத் தெரியாத மூலைகளையெல்லாம் திறந்து திறந்து பார்த்தான். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"ராஜா ஒடஞ்சுபோற நெலமைல இருக்கான். நீ பாக்கலையா?"

"பாத்தேன்டா."

"பாத்துட்டு ஏன் ஒண்ணுமே செய்யாம நிப்பாட்டி வச்சிருக்க?"

"எதைத் தொட்டாலும் தப்பாப் போயிருமோன்னு பயமா இருக்கு."

இப்போது கேட்காவிட்டால் இனி எப்போதும் கேட்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"ராஜாவை விடு. நீ எதுவும் பண்ணிக்கிருவியோன்னு தெனமும் பயந்து சாகுறேன்டா."

"போம்மா, லூசு மாதிரி பேசாத" என்பான் என்று காத்திருந்தேன். அப்படித் திட்டினால் போதும், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவேன். அவன் திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றான்.

இத்தனை நாளும் என் கற்பனையாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டிருந்தது பக்கத்தில் உட்கார்ந்து பேசியது. அலற வேண்டும் போலவும் அவனைப் போட்டு அடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அவன் கையைப் பிடித்தேன். வேர்த்திருந்தது.

"நாளைக்கு ஒரு டாக்டரைப் பாப்பமா?"

லேப்டாப்பை மெல்ல மூடினான்.

"அப்பா திட்டுவாரு."

"அவர்ட்ட நான் பேசிக்கிறேன்."

"நீயும் என்கூட உள்ள வருவியா?"

"வாரேன்" என்றேன்.