அந்தோணியின் கால்

வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் பங்கில் நான் சாமியாராக இருந்தபோது செய்த தவறு இது.

பெரிய வியாழன் பூசையில், இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு பேரின் பாதங்களை நான் கழுவ வேண்டும். அதற்கு வந்து உட்கார்ந்தவர்களில் கரும்பு வெட்டும் அந்தோணியும் ஒருவர். அவர் காலில் சர்க்கரைப் புண். பார்த்ததும் அருவருத்துவிட்டேன்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்பா."

"சரிங்க சாமி" என்று எழுந்து கடைசி வரிசைக்குப் போனார். அன்று தாழ்மையைப் பற்றி நன்றாகவே பிரசங்கம் செய்தேன்.

அடுத்த பெரிய வியாழனுக்குள் அந்தோணி இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போனபோது, அவர் காலைக் கழுவத் தண்ணீர் கேட்டேன்.

"இப்ப இன்னாத்துக்கு சாமி? போன பெரிய வியாழன் அன்னிக்குக் காத்தாலேருந்து தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவிக்கினுதான் வந்தாரு" என்றபடியே அவர் மனைவி சொம்பை நீட்டினார்.

வாங்க எனக்குக் கை வரவில்லை.

இன்றும் பெரிய வியாழனன்று என் முன்னே நீளும் கால்கள் சுத்தமாக இருந்தால், எனக்கு வெட்கமாக இருக்கிறது.