மணக்காத செம்மண்

முதல் மழை பெய்த அன்று காலை அண்ணை எனக்கு ஃபோன் எடுத்தார். "பிள்ளை, விடிய நல்ல மழை. ஆனால் மண் மணக்கேல்லை" என்றார்.

நான் சிரித்தேன். "முதல் உங்கடை மூக்கை ஒரு டொக்டரிட்டைக் காட்டுங்கோ அண்ணை. காய்ச்சல் வந்து போனாப் பிறகு கனபேருக்கு மணம் தெரியிறேல்லையாம்."

அவர் கோபிக்கவில்லை. "பக்கத்துத் தோட்டம் மணக்குது. எங்கடைதான் மணக்கேல்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. மண் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் தலை நரைத்தும் இன்னும் வேலை செய்கிறவள் நான். புதுமழைக்கு எழும்புகிற வாசம் வெறும் மண்ணுடையது அல்ல, அதற்குள் வாழ்கிற பற்றீரியா என்ற நுண்ணுயிர் உண்டாக்குவது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமை அடிப்பவளும் நான்தான். சொந்த அண்ணை சொன்னபோது மட்டும் அது மூக்கின் குற்றமாகிவிட்டது.

அண்ணையின் தோட்டம் மயிலிட்டிக்குத் தெற்கே இருக்கிறது. அப்பாவின் காணி. சண்டைக்காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் இராணுவத்தின் கைக்குப் போனது. அண்ணை சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஊராரின் தோட்டங்களைக் குத்தகைக்குச் செய்தார். சண்டை முடிந்த பிறகும் காணியை விடவில்லை. இந்த வருடம் விடுவார்கள், அடுத்த வருடம் விடுவார்கள் என்று கேட்டுக் கேட்டே அவர் கிழவராகிவிட்டார். ஒருவழியாக விட்டபோது அங்கே வேலியும் இல்லை, வீடும் இல்லை. கிணறு பற்றைக்குள் கிடந்தது. அண்ணை அதொன்றையும் பார்க்கவில்லை. குந்தியிருந்து ஒரு பிடி மண்ணைக் கிண்டி எடுத்து மூக்கில் வைத்தார். "இது சாகேல்லை, பிள்ளை" என்றார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான்.

முதல் போக வெங்காயம் நன்றாக வந்தது. இரண்டாம் போகத்தில் அழுகல் விழுந்தது. அண்ணை வாடிப்போனார். எனக்குப் பொறுக்கவில்லை. ஆய்வுகூடத்தில் அப்போது ஒரு புது மருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளியைக் கண்ணுக்கே தெரியாத நானோத் துகள்களாக்கித் தண்ணீரில் கலந்த மருந்து. வெங்காயத்தை அழுகவைக்கிற பங்கசு என்ற பூஞ்சணத்தை வளர்க்கிற தட்டில் ஒரு துளி விட்டால் போதும், அந்தத் துளியைச் சுற்றிப் பங்கசு கிட்டவே வராது. அந்த வெறும் வட்டத்தைக் கண்டு நான் துள்ளினேன். பங்கசைக் கொல்வது வேறு எதையெல்லாம் கொல்லும் என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மருந்தில் சில போத்தல்கள் தேடி வாங்கி அண்ணையிடம் கொடுத்தேன்.

இலைக்கு அடிக்கும்படிதான் போத்தலில் எழுதியிருந்தது. எங்கள் கடற்கரைக் காற்றில் அடித்ததில் பாதி பறந்துவிடும். அண்ணைக்கு மனம் வரவில்லை. தோட்டத்துக்கு நல்லது எதுவென்றாலும் இறைக்கிற தண்ணீரோடு விட்டுப் பழகிய மனிதர். ஒருநாள் ஃபோனில் கேட்டார். "உந்த மருந்தை வாய்க்காலிலை விட்டால் நேரே வேருக்குப் போகுந்தானே?"

நான் ஏதோ வேலையாக இருந்தேன். "ஓம் அண்ணை, விடுங்கோ" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அதன் பிறகு ஒவ்வொரு இறைப்புக்கும், அடியில் ஊசித்துளை போட்ட ஒரு போத்தல் எங்கள் வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் தொங்கியது. சொட்டுச் சொட்டாக ஒவ்வொரு பாத்திக்கும் போனது. அழுகல் நின்றது. அண்ணை ஒரு பை வெங்காயத்தோடு வீட்டுக்கு வந்து, "உன்ரை படிப்பு எனக்கும் உதவிப்போட்டுது" என்றார். நான் அடுத்த போகத்துக்கும் போத்தல் வாங்கிக் கொடுத்தேன்.

மழைக்கு மண் மணக்காதது அந்தப் போகம் முடிந்த பிறகு. அதோடு நின்றிருந்தால் மூக்கின் மேலேயே பழியைப் போட்டிருப்பேன். அடுத்த பயிருக்காக அண்ணை பூவரசங்குழை வெட்டி, உக்கி உரமாகட்டும் என்று கிடங்கு கிண்டிப் புதைத்திருந்தார். பக்கத்துத் தோட்டக்காரரும் அதே நாளில் புதைத்தார். இருவருக்கும் ஒரே பங்குக் கிணறு, ஒரே மழை. கொத்தும் காலம் வந்தபோது அண்ணை என்னை வரச்சொன்னார். பக்கத்துத் தோட்டத்தில் குழை உக்கிக் கறுப்பு மண்ணாகியிருந்தது. எங்கள் தோட்டத்தில் மண்வெட்டியோடு முழு இலைகள் வந்தன. நிறம் மட்டும்தான் மாறியிருந்தது. நரம்புகூட அறுந்திருக்கவில்லை. அண்ணை ஒன்றை எடுத்துத் துடைத்து என் கையில் தந்தார்.

இரண்டு தோட்டத்து மண்ணையும் எடுத்துப்போய்த் தட்டுகளில் வளர்த்துப் பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தட்டில் இடமே இல்லாமல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொட்டுகள்; ஒவ்வொரு பொட்டும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். எங்கள் தட்டில் விரல்விட்டு எண்ணலாம். வெள்ளி ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் பண்ண ஆய்வுகூடக்காரியால் முடியாது. தங்கச்சியால் முடிந்தது. நேரே போய் அண்ணையிடம் சொன்னேன். "நான்தான் அண்ணை உங்கடை மண்ணைக் கெடுத்தது. அந்த மருந்தாலை மண்ணுக்குள்ளை இருந்த உயிருகளும் செத்துப்போச்சுதுகள்."

அவர் வரம்பில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "அதுகள் திரும்பி வருங்களோ?" என்று கேட்டார்.

"வரும். மெல்ல மெல்லத்தான் வரும்."

"எவ்வளவு காலம் செல்லும்?"

எனக்குத் தெரியவில்லை.

"காணி விடுவினம் எண்டு நாங்கள் இருந்த மாதிரியோ?" என்றார். அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. அப்படி இன்னொரு முறை காத்திருக்க அவருக்கு வயது இல்லை.

அதன் பிறகு போத்தல் இல்லை. அண்ணை பக்கத்துத் தோட்டத்து மண்ணைக் கேட்டு வாங்கிச் சைக்கிளில் உரப்பை உரப்பையாகக் கொண்டுவந்து பாத்திகளில் தூவினார். மாட்டெரு போட்டார். மழை பெய்யும்போதெல்லாம் ஃபோன் எடுத்து, "இன்னும் இல்லை" என்பார். நானும் இடைக்கிடை போய் மண் எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்ப்பேன்.

போன வருடம் அண்ணைக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. தோட்டத்துக்குப் போகக்கூடாது என்று டொக்டர் சொன்னதைக் கேட்காமல் போய்வந்தார். அந்த வருட முதல் மழைக்கு அவரிடமிருந்து ஃபோன் வரவில்லை. பயந்துபோய் நானே எடுத்தேன்.

"தோட்டத்திலைதான் நிக்கிறன். பிள்ளை, இந்த முறை மணக்குது" என்றார். "லேசாத்தான். ஆனால் மணக்குது. நீ இனி உதைப்பற்றி யோசியாதை."

அந்தக் கிழமை எடுத்த மண்ணின் தட்டு என் முன்னால் மேசையில் இருந்தது. முன்பு போலவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பொட்டுகள். அண்ணை அதுவரை என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"ஓம் அண்ணை," என்றேன். "இஞ்சை தட்டிலையும் தெரியுது."