பொன்னிக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்

பலராமன் வேலை பார்த்த கதையைவிடப் பார்க்காத கதைதான் பெரிது. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். காலையில் கையெழுத்துப் போடுவார், நாற்காலி முதுகில் துண்டைப் போடுவார், ஸ்கூட்டரில் செங்கம் ரோட்டுக்குப் பறந்துவிடுவார். ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் ரூம்கள் அவருக்கு இருந்தன. கீசர் ரிப்பேர், தண்ணீர் வரவில்லை என்று மனுஷனுக்கு அங்கே ஆயிரம் ஜோலி. இங்கே ஃபைல்களையெல்லாம் உதவியாளர் பொன்னி எழுதி முடித்து வைப்பாள். சாயங்காலம் வந்து இவர் கையெழுத்துப் போடுவார். பல வருஷம் இப்படியே வண்டி ஓடியது.

அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு ரொம்ப நாள் ஆள் போடவில்லை. பழைய சம்பளத்திலேயே பொன்னி கண்காணிப்பாளர் பொறுப்பையும் சேர்த்துப் பார்த்தாள். புது ஆள் வந்ததும், பொறுப்புப் பார்த்த காலத்துக்கு மேல்பதவிச் சம்பளம் கேட்டு மனு போட்டாள். மனுவைப் பார்த்த மேலதிகாரிக்குச் சந்தேகம். பயிற்சியே இல்லாத உதவியாளர் முதல் நாளிலிருந்தே இத்தனை வேலையையும் தனியாகப் பார்த்திருக்க முடியுமா? யாரோ பார்த்த வேலைக்கு இந்தம்மா பணம் கேட்கிறாரோ? விசாரிக்க, பழைய கண்காணிப்பாளரையும் வேங்கிக்காலில் இருந்த தன் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்.

பலராமன் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் பென்ஷனில் கை வைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் பொன்னியின் பணம் போச்சு.

"இவங்க எப்படிங்க பொறுப்பு எடுத்த அன்னைக்கே அவ்ளோ வேலையும் பார்த்தாங்க?" என்று விசாரணையில் அதிகாரி பலராமனிடம் கேட்டார்.

பொன்னி பலராமனைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்தால் இவர் தொலைந்தார். அவள் திறக்கவில்லை.

"நான்தாங்க ட்ரெயினிங் குடுத்தேன்," என்றார் பலராமன். "ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடியே பக்கத்துல உட்கார வச்சு ஒவ்வொரு ஃபைலா சொல்லிக்குடுத்தேன்."

சொல்லும்போதே காது சுட்டது. அவள் பணத்துக்காகத்தானே பொய் சொன்னோம் என்று தன்னைத் தேற்றிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதிகாரிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. அங்கிருந்த இளவட்ட ஊழியர்களிடம், "பார்த்துக்கங்க, சூப்பரிண்டெண்ட்னா இப்படி இருக்கணும்," என்றார். பிறகு பொன்னியிடம், "உங்க மனுவ பாஸ் பண்ணிடலாம்மா. முதல்ல ஐயாவுக்கு ஒரு நன்றி சொல்லுங்க."

பொன்னி எழுந்து நின்று கை கூப்பினாள். அவர் முகத்தையே பார்த்து, "ரொம்ப நன்றிங்க சார்," என்றாள். குரலில் குத்தல் துளியும் இல்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். பதிலுக்குக் கும்பிட வேண்டும் என்று பலராமன் நினைத்தார். கை எழவில்லை.