அட்டைக் கடி என்று நினைத்த கட்டி

அன்று கண்டிப் பெரியாஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தவர்கள்: நான், என் கணவர் ராஜு, வலப்பனையிலிருந்து வந்த தோழி புஷ்பம். மகேஸ்வரியும் இருந்திருந்தால், புஷ்பம், நான், அவள் என்று கதை எழுதுகிற எங்கள் மூவர் கூட்டு முழுசாக இருந்திருக்கும். அவள் போன வருடம் மார்புப் புற்றுநோயில் இறந்துபோனாள்.

போனில் அவள் பேச்சை எடுத்தாலே எனக்கும் புஷ்பத்துக்கும் அழுகை முந்திவிடும். அதனால் கடிதம் எழுதிக்கொண்டோம். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து, என் எட்டாம் வகுப்புத் தமிழில் எழுதுவேன். எங்களை வேலை வாங்கும் கங்காணியைக் கதையில் வைத்து மகேஸ் பண்ணிய கிண்டலெல்லாம் அதில் வரும்.

ஒருமுறை புஷ்பம், மகேஸ் தன் அக்குள் கட்டிக்கு மாதக்கணக்கில் சுண்ணாம்பு தடவியதை எழுதியிருந்தாள். அட்டை கடித்து வீங்கியது என்றே மகேஸ் நம்பினாளாம். மழைக்காலத்தில் அட்டை கடிக்காத உடம்பு மலையில் ஏது? யாரும் சந்தேகப்படவில்லை.

எனக்கும் இடது அக்குளில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. நானும் சுண்ணாம்புதான் வைத்திருந்தேன்.

ராஜுவிடம் சொன்னேன். "அட்டை கடிச்சதுக்கு யாராச்சும் கண்டிக்கு பஸ் ஏறுவாங்களா? இருமுனாலே காசம்னு அழுவுற ஆளு நீ" என்றார்.

உண்மைதான், நான் பயந்தாங்கொள்ளி. ஆனால் அந்தப் பயம்தான் என்னைப் பஸ் ஏற்றியது. பயாப்சி (கட்டியில் சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். முடிவு சொல்லத்தான் அன்று எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

"புற்றுநோய்தான். ஆனா குணப்படுத்தக்கூடிய நேரத்துல வந்துட்டீங்கக்கா. யாரு வரச் சொன்னாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"எங்க மகேஸ்" என்றேன். புஷ்பம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் நடந்தது. பிறகு கீமோ (புற்றுநோய் மருந்தை நரம்பில் ஏற்றுவது). முடி கொட்டியது. கிண்டல் செய்த ராஜுதான் ரொட்டி சுட்டுத் தந்தார். பாதி கருகியிருக்கும், சாப்பிட்டேன். புஷ்பம் எழுதினாள்: "ஒன் மொட்டத் தலையப் பாத்திருந்தா மகேஸ் ஒரு கதையே எழுதியிருப்பா." வயிறு வலிக்கச் சிரித்தேன்.

இதைப் படிக்கிற அக்கா தங்கச்சிமாரே, அக்குளையும் மார்பையும் தடவிப் பாருங்கள். பயமாக இருந்தால் பயத்தோடேயே போங்கள்.

இடது கை முன்போல உயராது. கொழுந்துக் கூடையும் தூக்கக் கூடாதாம். அந்தக் கையை இப்போது குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து ஏறிய காலத்தில் அடுத்த ஊசிக்கு அப்பால் எனக்கு நாளே கிடையாது. போன வாரம் டாக்டரம்மா, "இனி ஒரு வருஷம் கழிச்சு வாங்க" என்றார்.

ஒரு முழு வருடம். வீடு வந்ததும் புஷ்பத்துக்கு எழுதினேன்: "மகேஸ் கதைகள எல்லாம் எடுத்துட்டு வா. புத்தகமாப் போடுவோம். அவசரமில்ல, எனக்கு நேரம் இருக்கு."